நாலாம் பீப்பாய்

ஷார்டொனே ஓர் அப்பாவித் திராட்சை. தனக்கென்று பெரிய வாசனை எதுவும் அதற்குக் கிடையாது. குளிர் ஊரில் வளர்த்தால் ஒரு மாதிரி, வெயில் ஊரில் வளர்த்தால் ஒரு மாதிரி, எஃகுத் தொட்டியில் வைத்தால் ஒரு மாதிரி, ஓக் மரப் பீப்பாயில் வைத்தால் வேறு மாதிரி. யார் கையில் அகப்படுகிறதோ அவர்கள் சொன்னபடி கேட்கும். ஆஸ்திரேலியாவில் நான் ஆறு அறுவடைக் காலம் வேலை பார்த்த ஒயின் பண்ணையில் முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுத்தார்கள். கேட்டதும் எனக்கு அந்தப் பழத்தின் மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. இப்போது அந்தப் பெயரைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றுகிறது. ஆனாலும் இன்றைக்கும் அதே வேலைதான் செய்கிறேன்.

நான் மலேசியாவில் சுங்கை ரம்பாய் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். எண்ணெய்க்குச் செம்பனைக் குலை வெட்டுகிறவர் மகள் ஒயின் வேலைக்கு எப்படிப் போனாள் என்று எல்லாருக்கும் ஆச்சரியம். பெரிய கதையெல்லாம் இல்லை. பழம் பறிக்க விமானம் ஏறிய கூட்டத்தில் நானும் ஒருத்தி. பறித்த இடத்திலேயே பீப்பாய் கழுவ ஆள் வேண்டும் என்றார்கள், கையைத் தூக்கினேன். என் அம்மாவுக்கு இன்றுவரை சொந்தக்காரர்களிடம் என் வேலையைச் சொல்ல வாய் வராது. "ஜூஸ் கம்பெனியில இருக்கா" என்பாள். அதுவும் முழுப் பொய் இல்லை.

ஆஸ்திரேலியாவில் பொழுது வெளுக்கும் முன்பே பறிக்கத் தொடங்கிவிடுவோம். வெயில் ஏறினால் பழம் கையிலேயே சூடாகி, கூடையிலேயே கெடத் தொடங்கும். சின்னக் குலைகள், பச்சையும் மஞ்சளும் கலந்த தோல், வெயில் பட்ட பக்கம் மட்டும் பழுப்புப் புள்ளிகள். பழுத்ததா என்று தெரிந்துகொள்ள விதையைக் கடித்துப் பார்க்க வேண்டும். பச்சை விதை நாக்கைச் சுருக்கும். பழுத்தது வறுத்த கடலை மாதிரி நொறுங்கும். இரண்டு நாள் தாமதித்தால் புளிப்பு ஓடிப்போய் வெறும் சர்க்கரைத் தண்ணீர்தான் மிஞ்சும். பிழிந்த சாற்றைப் பார்த்தால் யாருக்கும் குடிக்கத் தோன்றாது, அரிசி கழுவிய தண்ணீரில் சேறு விழுந்த மாதிரி இருக்கும். அது தெளிந்த பிறகு பீப்பாய்க்குப் போகும்.

பீப்பாய் செய்கிறவர்கள் ஓக் பலகைகளை நெருப்பின் மேல் வளைத்து, உட்பக்கத்தையும் வாட்டி எடுப்பார்கள். புதுப் பீப்பாயின் வாயில் மூக்கை வைத்தால் வாட்டிய ரொட்டியும் வெனிலாவும் கொஞ்சம் தேங்காயும் சேர்ந்து வரும். அதற்குள் சாற்றை ஊற்றி ஈஸ்ட் போட்டால் இரண்டு மூன்று நாளில் உள்ளே கொதிப்பது போலச் சத்தம் கேட்கும். சர்க்கரையைத் தின்று ஈஸ்ட் சாராயத்தை ஒரு பக்கமும் காற்றை ஒரு பக்கமும் வெளியே விடுகிறது. அந்தக் காற்றுக்கு நிறம் இல்லை, வாடை இல்லை, மூக்கில் சோடா குடித்தது போல ஒரு சுருக் மட்டும்தான். சாதாரணக் காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு தரையாகப் படுக்கும், பள்ளம் கிடைத்தால் தண்ணீர் மாதிரி நிரம்பும்.

அங்கே எங்கள் மேலாள் ஒரு கிழவர். காலியான தொட்டி ஒன்றுக்குள் எரியும் மெழுகுவத்தியைக் கம்பியில் கட்டி இறக்கிக் காட்டினார். பாதி ஆழத்தில் யாரோ விரலால் நசுக்கியது போலச் சுடர் அணைந்தது. "இதுக்கு நடந்ததுதான் உனக்கும் நடக்கும். உனக்கு இதைவிடக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்" என்று அவர் மொழியில் சொன்னார். ஆறு வருஷமும் அந்த அணைந்த திரியை நான் மறக்கவில்லை. நினைவு வர வேண்டிய நாளில் மட்டும் அது வரவில்லை.

கல்யாணத்துக்காகத் திரும்பி வந்தேன். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுநர். மெர்லிமாவில் ஒரு தாமான் குடியிருப்பில் வீடு. குடி என்றாலே ஆகாத ஆள், ஆனால் என் வேலையைக் கேவலமாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. கேலி மட்டும் நிறையவே செய்வார். பீப்பாயை அவர் மலாயில் 'தோங்' என்றுதான் சொல்வார். தண்ணி பிடிக்கிற தோங்கும் ஒன்றுதான், பெண்டாட்டியின் ஓக் தோங்கும் ஒன்றுதான் அவருக்கு. எதையும் தன் கையால் ரிப்பேர் செய்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். வீட்டில் ஒழுகாத குழாயைக்கூடக் கழற்றிப் பார்ப்பார்.

மலாக்கா டவுனில் இரண்டு சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஒருவருக்குச் சொந்தமாக ஒயின் செய்ய ஆசை வந்தது. முறையாக அனுமதி வாங்கிவிட்டு என்னைத் தேடி வந்தார். இந்த ஊர் வெயிலில் ஷார்டொனே கொடி பிழைக்காது, பிழைத்தாலும் காய்க்காது, காய்த்தாலும் மழை தின்றுவிடும் என்று சொன்னேன். அதனால் அங்கிருந்தே பிழிந்த சாற்றை உறைய வைத்து டிரம்களில் இறக்குவது, இங்கே பீப்பாயில் புளிக்க வைப்பது என்று முடிவானது. இடத்துக்கு அவர் காட்டியது மெர்லிமாவுக்கு உள்ளே, மூடிப்போன ஒரு தோட்டத்தின் புகைக் கொட்டகை.

அந்தக் கட்டடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பால்மரம் சீவிய காலத்தில் ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகை போட்டு உலர்த்திய இடம். தடித்த செங்கல் சுவர், ஜன்னல் கிடையாது. நடுவில் நெருப்புக் குழி. வெளியிலிருந்து விறகு தள்ள, தரைக்கு அடியில் குனிந்து போகிற அளவுக்கு ஒரு சுரங்க வாய். முதலாளி அந்தக் குழியை அகலப்படுத்தி, ஆழப்படுத்தி, ஐந்து படி இறங்கும் அறையாக மாற்றினார். ஐரோப்பாவில் ஒயின் வைக்கும் நிலவறைகளைப் படத்தில் பார்த்தவர். மண்ணுக்குள் குளிர்ச்சியாக இருக்கும், பார்க்கவும் அழகு என்றார். பன்னிரண்டு பீப்பாய்கள், ஆறு ஆறாக இரண்டு வரிசை. ஒரு குளிர்சாதனம். கனத்த காற்று வெளியேற வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததால் அந்தப் பழைய சுரங்க வாயில் தரை மட்டத்தில் ஒரு விசிறி. காற்றை அளந்து அலறும் கருவி ஒன்றும் கேட்டேன். அடுத்த கன்டெய்னரில் வரும் என்றார். சரி, விசிறிதான் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

சுவர்களில் எத்தனை முறை வெள்ளையடித்தும் பழைய புகை கசிந்து பழுப்பாகத் தெரிந்தது. நான் முதல் நாள் இறங்கியபோது ஐந்தாம் படியில் கால் வைக்க ஏனோ மனம் வரவில்லை. எனக்குப் பயம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று வைத்துவிட்டேன்.

உதவிக்கு ஓர் அக்கா இருந்தார். லூபோக் சீனா பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் சீவியவர், அறுபதை நெருங்குகிறவர், பேச்சு குறைவு, கை வேகம். சுவாமி கும்பிடாமல் எந்த வேலையையும் தொட மாட்டார். வெள்ளிக்கிழமை காலையில் முதல் பீப்பாய்க்குக் குங்குமம் வைத்து, தட்டில் கற்பூரம் ஏற்றி, பன்னிரண்டுக்கும் காட்டிவிட்டுத் தட்டைத் தரையில் வைப்பார். அது எரிந்து தீர்ந்த பிறகுதான் வேலை. ஒருநாள் அவரே அதன் காரணத்தைச் சொன்னார்.

"எங்க தோட்டத்துல பழைய கெணறு தூர் எடுக்கணும்னா மொதல்ல டின்னுல கற்பூரம் கொளுத்தி எறக்குவோம் தங்கச்சி. அணைஞ்சிருச்சின்னா அன்னைக்கி யாரும் எறங்க மாட்டாங்க. கெணத்துக்காரி பசியா இருக்கான்னு சொல்லுவாங்க. அத மீறி அண்ணந்தம்பி ரெண்டு பேரு எறங்குனானுங்க. ரெண்டு பேரையும் கயித்துலதான் தூக்குனோம்."

"கெணத்துக்காரியெல்லாம் கெடையாது லா அக்கா" என்று எங்கள் ஊர் வழக்கில் 'லா' போட்டுச் சிரித்தேன். இதை இப்போது எழுதும்போது என் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. தொட்டியில் அணைந்த மெழுகுவத்தியும் கிணற்றில் அணைந்த கற்பூரமும் ஒன்றுதான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டியவள் நான். அக்கா கும்பிடுகிறவர், நான் தெரிந்தவள் என்ற நினைப்பு. அந்த நினைப்புதான் எனக்கு எமன் ஆனது. எனக்குக்கூட இல்லை.

டிரம்கள் வந்தன. உறைந்த சாறு இளகி, தெளிந்து, பீப்பாய்க்குப் போயிற்று. மூன்றாம் நாள் புளிப்பு ஏறத் தொடங்கியது. எனக்கு அப்போது ஒரே ஒரு கவலைதான், சூடு. அறை சூடேறினால் ஈஸ்ட் வெறிபிடித்த மாதிரி வேலை செய்து பழத்தின் மணத்தையெல்லாம் எரித்துவிடும். மெதுவாக, குளிர்ச்சியாக, பல நாள் எடுத்துப் புளித்தால்தான் ஷார்டொனேவுக்கு உடம்பு பிடிக்கும். குளிர்சாதனம் நாள் முழுக்க ஓடியும் தெர்மாமீட்டர் இறங்கவில்லை. தினமும் சாயங்காலம் வீட்டில் இதையே புலம்பினேன். எங்கேயோ ஓட்டை இருக்கிறது, எங்கேயோ வெளிக்காற்று வருகிறது என்று சோற்றில் கை வைத்தபடி புலம்பினேன்.

ஒரு ஞாயிறு, எனக்கு விடுமுறை. என் வீட்டுக்காரர் மட்டும் பெட்டியில் சாமானை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனவர் மத்தியானம் வேர்த்து வழிந்து வந்தார்.

"ஓட்டையெல்லாம் அடைச்சிட்டேன். இனிமே உன் தோங்குக்கெல்லாம் குளிரும் பாரு. போர்வ கேக்கும்" என்றார்.

கூரைத் தகரத்தைச் சொல்கிறார் என்று நினைத்தேன். எந்த ஓட்டை என்று கேட்கவில்லை. "நல்லதா போச்சி" என்று சொல்லித் தட்டு வைத்தேன். மறுநாள் தெர்மாமீட்டர் நிஜமாகவே இறங்கியிருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அன்றைக்கு அவருக்குப் பிடித்த நெத்திலி சம்பல் செய்தேன்.

அந்த வாரம்தான் ஒவ்வொன்றாக நடந்தது. செவ்வாய்க்கிழமை அக்கா கடைசிப் படியைக் கூட்டும்போது மூன்று பல்லிகள் செத்துக் கிடந்தன. ஒன்று செத்தாலே சகுனம் பார்க்கிறவர். மூன்றையும் முறத்தில் வைத்து என்னிடம் கொண்டுவந்து காட்டினார். பக்கத்துச் செம்பனைக்கு மருந்து அடித்திருப்பார்கள் என்றேன். பீப்பாய் வாயில் எப்போதும் மொய்க்கும் சின்ன ஈக்களைப் புதன்கிழமை காணோம். சுத்தமாக இருக்கிறதே என்று மெச்சிக்கொண்டேன். வியாழக்கிழமை எனக்கு மண்டை பிளந்தது. மாதா மாதம் வருவதுதானே என்று மாத்திரை போட்டுக்கொண்டேன். எதற்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது. விசிறி ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, அதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

ஒயின் மட்டும் அருமையாக வந்துகொண்டிருந்தது. குழாயால் உறிஞ்சி எடுத்துச் சுவைத்தேன். அன்னாசியும் எலுமிச்சைத் தோலும் முன்னால் நின்றன, பின்னால் வாட்டிய ரொட்டியின் வாடை மெல்ல வந்து சேர்ந்தது. சர்க்கரை இன்னும் கொஞ்சம் மிச்சம். ஈஸ்ட் களைத்துப்போய் அடியில் வெள்ளை வண்டலாகப் படியத் தொடங்கியிருந்தது. இந்த நேரத்தில் அதைத் தூங்க விடக் கூடாது. நுனியில் சங்கிலி கோத்த ஒரு கம்பியைப் பீப்பாய்க்குள் விட்டு அடிவண்டலைக் கிளறிவிட வேண்டும். கிளறினால் மிச்சச் சர்க்கரையும் தீரும், பின்னால் ஒயினுக்கு வழவழப்பும் சேரும். ஆனால் கிளறும்போது பீப்பாய்க்குள் அடைந்திருக்கும் காற்றெல்லாம் புஸ்ஸென்று கிளம்பும். குனிந்திருப்பவன் முகத்தில்தான் முதலில் அடிக்கும்.

வெள்ளிக்கிழமை அக்கா கற்பூரம் காட்டிவிட்டுத் தட்டைத் தரையில் வைத்தார். அணைந்தது. இன்னொரு கட்டியை ஏற்றி வைத்தார். தட்டு தரையைத் தொடுவதற்குள் சுடர் நீலமாகச் சுருங்கி, இல்லாமல் போயிற்று. புகைகூட மேலே வரவில்லை, தட்டின் விளிம்பில் வழிந்து இறங்கியது. அதை என் கண்ணால் பார்த்தேன். பார்த்தேன் என்பதை எந்தக் கோயிலிலும் சொல்லத் தயார்.

"ஏசி காத்து லா அக்கா" என்றேன்.

"காத்து இப்படி அணைக்காது தங்கச்சி. கெணத்துல அணையற மாதிரி அணையுது."

"இது கெணறு இல்லக்கா. வேலையப் பாருங்க."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். சுவாமிக்கு ஏற்றிய விளக்கு அணைந்தால் மறுபடி ஏற்றாமல் வேலை தொடங்கக் கூடாது என்பது அவர் வழக்கம். தட்டை எடுத்துக்கொண்டு படியேறிப் போய், மேல்படியில் வைத்து ஏற்றினார். அங்கே நன்றாக எரிந்தது. கொழுந்துவிட்டு எரிந்தது. அவருக்குச் சுவாமி குற்றம் தீர்ந்தது, எனக்கு வாதம் ஜெயித்தது. இரண்டு பேருக்கும் திருப்தி. கீழே சொன்ன பதிலை விட்டுவிட்டு மேலே போய் வேறு பதில் வாங்கிக்கொண்டு வந்தோம். அன்றைக்கு மேலோட்டமான வேலைகளை மட்டும் பார்த்துவிட்டு, தலைவலி தாங்காமல் நான் சீக்கிரமே கிளம்பிவிட்டேன். கிளறும் வேலை மறுநாளைக்கு என்று வைத்தேன்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. காலையில் எழுந்ததிலிருந்து தலை சுற்றல். கொட்டகைக்கு வெளியே பலகையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா பக்கத்தில் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மணிக்கு என்னை ஏற்றிப் போக என் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்தார். கையில் முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பையில் காப்பி.

"முடிஞ்சிச்சா?"

"இன்னும் கலக்கணுங்க. தல ஒரே வலி."

"நீ உக்காரு லா. பன்னெண்டு தோங்குதானே, நான் கலக்கிட்டு வர்றேன். சொல்லிக் குடுத்திருக்கல்ல."

சொல்லிக் கொடுத்திருந்தேன். சாறு வருவதற்கு முன், தண்ணீர் ஊற்றிய பீப்பாயில் இரண்டு முறை செய்தும் பார்த்திருக்கிறார். ஹெல்மெட்டைப் பலகையில் வைத்துவிட்டு, கம்பியை எடுத்துக்கொண்டு, ஏதோ பழைய பாட்டை மூக்கால் முனகியபடி படியிறங்கினார். நான் காப்பியைப் பிரித்து உறிஞ்சினேன். தடுக்க வேண்டும் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. அவர் வந்துவிட்டாரே, நான் குனிய வேண்டாமே என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதிதான் இருந்தது.

கம்பியில் இருக்கும் சங்கிலி பீப்பாயின் உட்சுவரில் உரசும் சத்தம் வெளியே கேட்கும். முதல் பீப்பாய், கலகலவென்று. கொஞ்சம் அமைதி. இரண்டாவது. பாட்டு நின்றிருந்தது. மூன்றாவது கொஞ்சம் மெதுவாக. நாலாவதில் சங்கிலி இரண்டு தரம் உரசியது. அப்புறம் ஒன்றும் இல்லை.

மூச்சு வாங்குகிறார் என்று நினைத்தேன். காப்பி இன்னும் பாதி இருந்தது. அதைக் குடித்து முடித்தேன். அதற்குப் பிறகு நான் குடித்த எல்லாக் காப்பியும் அந்தப் பாதிக் காப்பிதான்.

"தங்கச்சி, சத்தம் நின்னுருச்சி" என்றார் அக்கா.

ஓடினேன். மேல்படியிலிருந்து பார்த்தால் நாலாம் பீப்பாயின் மேல் கவிழ்ந்து கிடந்தார், கட்டிப்பிடித்துத் தூங்குகிறவர் போல. கம்பி பீப்பாய்க்குள் நட்டுக்கொண்டு நின்றது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கல்யாணமாகி அன்றுதான் முதன்முதலாக அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். இரண்டு படி இறங்கியிருப்பேன், பின்னலைப் பிடித்து ஒரே இழுப்பு. அக்கா. சீவிச் சீவிக் காய்த்த கை, விடவில்லை. நான் கடித்தேன், அப்போதும் விடவில்லை.

"நீயும் எறங்குனா ரெண்டு. நான் பாத்துருக்கேன். அதான் கற்பூரம் நேத்தே சொல்லுச்சில்ல" என்று என் காதில் கத்தினார். "காத்த வெளிய எடுக்க வழி இருக்கா, சொல்லு."

விசிறி. ஓடிக்கொண்டுதான் இருந்தது, சத்தம் கேட்டது. பின்பக்கம் சுரங்க வாய்க்கு ஓடினேன். அங்கே வாயே இல்லை. ஒட்டுப்பலகை, அதன் விளிம்பெல்லாம் பழைய மெத்தையின் ஸ்பாஞ்ச், மேலே கோணிச் சாக்கு, நாலு மூலையிலும் ஒழுங்காக ஆணி. அவர் கைவேலை எனக்குத் தெரியும். ஆணிகூட ஒரே இடைவெளியில் அடித்திருப்பார். உள்ளே விசிறி அந்தப் பலகையைப் பார்த்து வீணாகச் சுற்றிக்கொண்டிருந்தது. என் புலம்பலுக்கு அவர் கண்டுபிடித்த ஓட்டை இதுதான்.

மண்வெட்டியால் பெயர்த்தேன். அக்கா இரண்டு கதவையும் அகலத் திறந்துவிட்டு, தண்ணீர்க் குழாயைக் கயிறு போல என் இடுப்பில் கட்டினார். எவ்வளவு நேரம் காத்திருந்தோம் என்று தெரியாது. தட்டில் கற்பூரம் ஏற்றி, நீளமான ஒரு கொக்கிக் கம்பியில் மாட்டி, படி படியாக இறக்கிப் பார்த்தார். மூன்றாம் படியில் அணைந்தது. மறுபடி ஏற்றினார். நாலாம் படியில் அணைந்தது. தன் கணவன் அசைவில்லாமல் கிடக்க, ஒரு கற்பூரக் கட்டி எரிகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று யாரிடமும் என்னால் சொல்ல முடிந்ததில்லை. ஐந்தாம் படியில் அது சின்னதாக எரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். அக்குளில் கை கொடுத்து இழுத்தேன், அக்கா என்னை இழுத்தார்.

பீப்பாயின் மேல் விழுந்ததால் முகம் தரைக்கு மேலே இருந்ததாம், அதனால்தான் உயிர் தங்கியது என்றார் டாக்டர். தரையில் விழுந்திருந்தால் அவ்வளவுதான் என்றார். மூளைக்குக் காற்று குறைந்துவிட்டது, பழசெல்லாம் இருக்கும், புதுசு தங்காது என்றும் சொன்னார். நான் முதல் பாதியை மட்டும் கேட்டுக் கையெடுத்துக் கும்பிட்டேன். இரண்டாம் பாதி வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது.

ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லாரும் யானைக்கும் அடி சறுக்கும் என்றார்கள். யானை சறுக்கினால் யானைதானே விழ வேண்டும். என் அம்மா மட்டும் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

வேலையை விடவில்லை. விட்டால் விவரம் தெரியாத யாராவது அந்தப் படியில் இறங்குவார்களே என்ற பயம்தான். அலறும் கருவி வந்துவிட்டது, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். கருவி இருந்தாலும் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் நான் கற்பூரம் ஏற்றி, முழங்காலுக்குக் கீழே பிடித்துக்கொண்டுதான் போகிறேன். பார்க்க வருகிறவர்களிடம் முதலாளி, எங்கள் ஒயின்கார அம்மா ரொம்பப் பக்தி என்று சொல்கிறார். அக்கா அதைக் கேட்டுக்கொண்டே குழாய் கழுவுகிறார். அவர் கையில் என் பல் பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது.

ஒயின் தன்பாட்டுக்கு வளர்ந்தது. ஒரு புளிப்பு போய் இன்னொரு புளிப்பாக மாறும் காலம் உண்டு. காய்ப் புளிப்பு தயிரின் மெல்லிய புளிப்பாக இறங்கும். அப்போதுதான் வெண்ணெய் மணம் வரும். மரம் மெதுவாக உறிஞ்சிக்கொள்ளும், குறைந்த அளவுக்கு மேலே ஊற்றி நிரப்பிக்கொண்டே வர வேண்டும். பத்து மாதம் நிரப்பினேன், கிளறினேன், முகர்ந்தேன். பிறகு எதை எதனுடன் கலப்பது என்று பார்க்க, அக்காவைப் பன்னிரண்டு கிளாஸில் ஊற்றி வைக்கச் சொன்னேன். எண்ணைக் கிளாஸின் அடியில் ஒட்டச் சொன்னேன், எனக்குத் தெரியக் கூடாது.

ஒன்றில் மட்டும் நின்றுவிட்டேன். உருகிய வெண்ணெய், வாட்டிய முந்திரி, வெனிலா, எல்லாவற்றுக்கும் நடுவில் பழத்தின் புளிப்பு நூல் பிடித்த மாதிரி நேராக. விழுங்கிய பிறகும் வாயை விட்டுப் போகவில்லை. ஆறு அறுவடையிலும் இப்படி ஒன்றை நான் செய்ததில்லை. கிளாஸைத் திருப்பினேன். நாலு.

முதலாளி சுவைத்துவிட்டு அதை மட்டும் தனியாகப் பாட்டிலில் அடைக்கலாம் என்றார். வேண்டாம், எல்லாவற்றுடனும் கலந்துவிடுங்கள் என்றேன். காரணம் கேட்டார், கிளாஸ்களைக் கழுவப் போய்விட்டேன். கலந்தோம். கடைகளில் அதைக் குடித்தவர்கள் மிச்ச பதினொன்றுக்கு நடுவே அதையும் குடித்தார்கள்.

அவர் இப்போது வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். என்னைத் தெரியும், கல்யாணம் தெரியும், லாரியின் எண் தெரியும். காலையில் சாப்பிட்டது தெரியாது. ஆறு மணிக்கு நான் வந்து மோட்டாரை நிறுத்தும்போது முகம் மலரும். என் கையில் இருப்பதை வாங்கிக்கொள்வார். என் முகத்தைப் பார்ப்பார்.

"களைச்சிப் போய்ட்டியே லா" என்பார். "நீ உக்காரு. நான் போய் கலக்கிட்டு வர்றேன். பன்னெண்டு தோங்குதானே."

எழுந்துவிடுவார். செருப்பைத் தேடுவார். தினமும்.

"கலக்கியாச்சிங்க" என்று சொல்லி, தோளைப் பிடித்து உட்கார வைக்கிறேன்.